கப்பலைத் தவறவிட்ட காட்சி

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது இதைச் சொல்லத்தான் மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் நீ சிரித்தாய். நான் பேச ஆரம்பித்தாலே உனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன், பழக்கியவன் நான்தான். உன் அம்மா, “இம்புட்டு சிரமம் எதுக்கு, வாட்ஸப்ல பேசி அனுப்புங்களேன்” என்றாள். பேசினால் பாதியில் நானே அதைச் சிரிப்புக் கதையாக்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அடுத்த வாரம் சென்னையில் அந்த டிவி நிகழ்ச்சி இருக்கிறது. நீ எடுத்த படத்தில் அப்பாவாக நடித்தவரும் நிஜ அப்பாவாகிய நானும் ஒரே மேடையில் உட்கார வேண்டும், கப்பலைத் தவறவிட்ட கதையை நான் என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்கிறாய். விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டாய். “நீங்க சொல்ற மாதிரி யாராலயும் சொல்ல முடியாதுப்பா, அரங்கமே சிரிக்கும்” என்றாய். சிரிக்கும், எனக்கும் தெரியும். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை கோயில் திருவிழாவில் அந்தக் கதையைச் சொல்லி ஆட்களை வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறேன்! ஆனால் உன் படத்தைப் பார்த்த பிறகு அதை என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்க முடியுமா என்பதும் தெரியவில்லை. மூன்று வாரமாக இதே குழப்பத்தில் இருக்கிறேன்.

படம் பார்த்த அன்றைக்கு நம் வீட்டில் கால் வைக்க இடமில்லை. எதிர்வீட்டு தாஸ் பாபு குடும்பத்தோடு வந்துவிட்டார். மேல்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். இந்தியில் பேசுகிற மாதிரி வைத்துத்தான் பார்த்தோம், அப்போதுதான் எல்லோருக்கும் புரியும் என்று. அந்தக் காட்சி வந்தது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மகனோடு ஆட்டோவில் வருகிறார், வழியில் டிக்கெட் எந்தப் பையில் இருக்கிறது என்று தடவுகிறார், கப்பல் ஏறுகிற வார்ஃபில் இறங்கி ஓடுகிறார், மீன் கூடையில் மோதி விழுகிறார், எழுந்து மறுபடி ஓடுகிறார். ஏணியைத் தூக்கியாயிற்று, கப்பல் நகர்கிறது. அப்பா கரையில் நின்றுகொண்டு கப்பலைப் பார்த்து, “ஏய், ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு!” என்று கத்துகிறார். தாஸ் பாபுவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “அரே பாய், யே தோ பில்குல் ஆப் ஹைன்!” என்று என் தொடையில் அடித்தார், அப்படியே நீங்கள்தான் என்று. அந்த நடிகரும் லேசுப்பட்டவரா? அவர் திரும்பிப் பார்த்தாலே ஊர் சிரிக்கும். ஓடத் தொடங்கும்போது பின்னால் ஒரு குழல் சத்தம் வைத்திருக்கிறாய் பார், வாத்து நடக்கிற மாதிரி. அது கேட்டதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது, தாராளமாகச் சிரிக்கலாம் என்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தீவில், நம் தெருவில் சினிமா பார்த்த கதை உனக்குத் தெரியாததில்லை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாம் என்று ஆளுக்கொரு பாஷை. கப்பலில் எந்தப் பாஷை கேசட் வந்தாலும் எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். வசனம் பாதிப் பேருக்கு விளங்காது, ஆனால் கதை விளங்காமல் யாரும் எழுந்து போனதில்லை. இருமுகிறவர் இடைவேளைக்குள் போய்விடுவார். “சீக்கிரம் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவன் வர மாட்டான். குடும்பமே சேர்ந்து பாட்டுப் பாடினால் அந்தக் குடும்பம் பிரியப் போகிறது. நான் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, அப்பா சொன்னபடி நடக்கிறதா என்று கண்ணை இமைக்காமல் பார்ப்பாய். நடந்ததும் நான் என்னவோ பெரிய ஞானி என்று என் முகத்தைப் பார்ப்பாய். உன் அம்மா மட்டும் என்னவாம்? இன்றைக்கும் தாஸ் பாபு வீட்டில் வங்காளி சீரியல் ஓடினால் வாசலில் நின்றபடியே, “இவதான் கெட்டவ, மை தீட்டியிருக்கதப் பாத்தா தெரியல?” என்கிறாள். தாஸ் பாபு மனைவி நம் வீட்டுத் தமிழ் சீரியலுக்கு அதையே திருப்பிச் சொல்கிறாள். இடி இடித்து, ஒரே முகத்தை மூன்று தடவை கிட்டே காட்டினால் ஏதோ ரகசியம் உடைந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் சண்டை வராததற்கு அந்தச் சீரியல்கள்தான் காரணமோ என்னவோ.

இதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. படத்தைப் பார்க்கிற கண்ணாலேயே ஆட்களையும் பார்த்தேன். பெரார்கஞ்ச் கிராமத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவானே ஒருத்தன், கன்னத்தில் நீளமாகத் தழும்பு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அவனை என் பட்டறையில் தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று ரத்தம் கொடுத்தவன் அவன்தான். அந்தத் தழும்பு, சின்ன வயதில் தேங்காய் உரிக்கிற கம்பியில் விழுந்து வந்ததாம். அதைக் கேட்ட பிறகும் அவன் வந்தால் என் கண் ஸ்பேனர் பெட்டிப் பக்கம் போகும். அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

நீ படிப்பு முடித்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் ஒரு வேடிக்கை காட்டினாய். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவுவதை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, அதற்கு மூன்று விதமாக இசை சேர்த்தாய். முதல் தடவை அவள் பேயாகத் தெரிந்தாள். அந்தத் தேங்காய் மூடி யாருடைய மண்டையோ என்று எனக்கே திக்கென்றது. இரண்டாம் தடவை ஏதோ கல்யாணச் சமையல், அடுத்து யாரோ வழுக்கி விழப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். மூன்றாம் தடவை வயலின் வைத்தாய். அவள் தன்னையே பார்த்து, “பாவம் இந்தப் பொம்பள” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீ சொன்னாய்: “ஜனங்களுக்கு முதல் அஞ்சு நிமிஷத்துல இது என்ன மாதிரி படம்னு சொல்லிடணும்பா. அதுதான் ஜானர். பயப்படவா, சிரிக்கவா, அழவான்னு தெரிஞ்சிட்டா நிம்மதியா உக்காந்திருவாங்க. தெரியலைன்னா போனை எடுத்துருவாங்க.” நான் பெருமையாகத் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கே ஒரு கேள்வி மனதில் வந்தது, கேட்கவில்லை. மூன்றிலும் உன் அம்மா என்ன நினைத்துக்கொண்டு துருவினாள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்துப் பயனில்லை. சினிமாப் படிப்பில் சேர நடக்கவிருந்த உன் நேர்முகத் தேர்வுக்கு நீ போக வேண்டிய கப்பல் மாலை நான்கு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். கப்பல் தள்ளிப்போவதுதான் நமக்குப் பழக்கம், முன்கூட்டிப் புறப்படுவது அபூர்வம். அன்றைக்குக் கடல் மோசமாகப் போகிறது என்று பகல் பன்னிரண்டுக்கே எடுத்துவிட்டார்கள். காலையிலேயே ரேடியோவில் சொன்னார்கள். வீட்டு ரேடியோவில் பேட்டரி இல்லை, டார்ச்சுக்கு எடுத்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை என்பதுதான் நான் ஊருக்கெல்லாம் சொன்ன கதை. உன் படத்திலும் அதுதான் வருகிறது, பேட்டரி இல்லாத ரேடியோவை அப்பா காதில் வைத்துத் தட்டுகிறார். வீட்டு ரேடியோவில் பேட்டரி இல்லாதது உண்மை. ஆனால் ஜங்லிகாட் பட்டறையில் ஒரு ரேடியோ இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு டிங்கிப் படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் பெயரைச் சொன்னார்கள், நேரத்தைச் சொன்னார்கள், பயணிகள் பத்து மணிக்குள் ஹாடோ வார்ஃபுக்கு வர வேண்டும் என்றார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன்.

கேட்டுவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. பிஸ்டனைத் துடைத்தேன். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. பிறகு மீன் கடைக்குப் போய்ப் பெரிய சூரையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பிள்ளை புறப்படுகிற நாளில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். உன் அம்மா சந்தோஷமாக அறுத்தாள். நம் தெருவில் அன்றைக்கு வேறு யாருக்கும் பயணம் இல்லை, வந்து சொல்லவும் ஆளில்லை. நீ இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். வார்ஃபில் நான் ஓடினேனே, விழுந்தேனே, கத்தினேனே, அதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனால் ஏணி தூக்குகிற நேரத்துக்கெல்லாம் நாம் போகவில்லை, கப்பல் அதற்கு முன்பே கண்ணுக்கு மறைந்துவிட்டது. காலியான கடலைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். கதை சொல்லச் சொல்ல, கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குக் கொண்டுவந்தவன் நான். அப்போதுதான் நன்றாகச் சிரிப்பார்கள்.

உன் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. நீ லேப்டாப்பில் செய்ததை உனக்கு முன்னாலேயே நான் செய்திருக்கிறேன். நடந்த காரியத்துக்கு நானே ஒரு குழல் சத்தம் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் வாசலில் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டேன், என்னை நானே கேலி செய்துகொண்டு. ஒருத்தன் தன்னையே முட்டாள் என்று சொல்லும்போது, அவனிடம் போய், ‘உண்மையில் என்ன நடந்தது?’ என்று யார் கேட்பார்கள்? காமெடியனை யாரும் விசாரிப்பதில்லை. வில்லன் வீட்டில்தான் போலீஸ் தேடும். நீயும் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய், அப்படியே எடுத்தாய். உன் மேல் தப்பே இல்லை.

அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான் இருந்தது. விமானமெல்லாம் அன்றைக்கு நம் நினைப்பிலேயே கிடையாது. உன் இடம் போயிற்று. ஒரு வருஷம் என்னோடு பட்டறையில் டீசலில் கை கழுவினாய். உன் படம் அதைத் தாண்டிவிடுகிறது, ‘ஒரு வருடத்துக்குப் பின்’ என்று எழுத்துப் போட்டுவிட்டு. எனக்கு அது தாண்டவில்லை. கப்பல் ஊதுகிற ஒவ்வொரு முறையும் நீ கையிலிருக்கிற வேலையை நிறுத்துவாய். சத்தம் நின்றதும் மறுபடி குனிந்து வேலையைப் பார்ப்பாய். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்ப்பேன். அந்த ஒரு வருஷம் நீ என் பக்கத்தில் இருந்தாய், அதற்குத்தானே எல்லாம். ஆனால் உன்னை நேராகப் பார்க்க முடியாமல் போய்விட்டது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். அதுதான் மகனே எனக்குத் தெரியவில்லை. சினிமாவில் ஒருத்தன் ஒன்றைச் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கடைசி ரீலில் அவனே சொல்லிவிடுவான். நானும் தேடிப் பார்க்கிறேன். பெரிய அலை, அந்தச் சுனாமி, வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது, உன்னைக் கடலில் அனுப்பப் பயந்தேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மேடையில் இருக்கிறவர்கள் அழுவார்கள், எல்லோரும் என்னை மன்னித்துவிடுவார்கள். ஆனால் காலையில் ரேடியோ கேட்டபோது எனக்கு அலை ஞாபகமே வரவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போன பிள்ளைகள் திரும்புவதில்லை என்ற பயமா? கொஞ்சம் இருந்திருக்கும். பொறாமையா? அந்த வாரம் முழுக்க நீ பெட்டி கட்டினாய், விசில் அடித்துக்கொண்டே கட்டினாய். என்னைவிட்டுப் போவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கோபம் வந்தது. அதுவும் நிஜம். இவையெல்லாம் சேர்ந்தா, இவற்றில் எதுவுமே இல்லையா? உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நேரத்தில் பின்னால் எந்த இசையும் கேட்கவில்லை.

நேற்று மாலை இதை உன் அம்மாவிடம் சொன்னேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, அவளே அணைத்தாள். கத்துவாள், தட்டை எறிவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. “அந்த மீனு?” என்றாள். “புள்ள வாயாரச் சாப்பிடுதானேன்னு நான் வாரி வாரி வச்சேன். என்னையும்லா கூட்டுச் சேத்திருக்கிய” என்றாள். அப்புறம் போய் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். இன்று காலையில் காப்பி கொடுத்தாள், வழக்கம்போலத்தான் கொடுத்தாள். கோபமா, மன்னித்துவிட்டாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பது வருஷம் சினிமா பார்த்து ஒவ்வொரு முகத்துக்கும் அர்த்தம் சொன்னவன் நான், கூட வாழ்கிறவளின் முகம் பிடிபடவில்லை.

உன் தொழிலைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஜனங்களை நிம்மதியாக உட்கார வை, அது நல்ல காரியம்தான். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு, எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் அவன் உன்னை வாழ்த்துவான். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தானே. ஆனால் உன் படத்தில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிற ஆள் யாராவது வந்தால், அவனை ஒரு நிமிஷம் சந்தேகப்படு. அவன் எதை மறைக்கிறான் என்று நீயாவது தெரிந்து வைத்துக்கொள், படத்தில் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டுப் பார்க்க வேண்டியது படத்தை எடுப்பதற்கு முன்னால். இதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ கதையை எழுதிக்கொண்டிருந்த ஆறு மாதமும் போனில் என்னிடம் சின்னச் சின்ன விவரமாகக் கேட்டாய். ஒவ்வொன்றுக்கும் நான் கூடுதலாக ஒரு சிரிப்பைச் சேர்த்துக் கொடுத்தேன்.

நிகழ்ச்சிக்கு வரவா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வா என்றால் வருகிறேன், அங்கே நீ எதைச் சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன். பழைய கதையையே சொல் என்றால் அதையும் சொல்வேன், உன் படத்தைக் கெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் உனக்கு முன்னால் மட்டும் இனி அதைச் சொல்ல முடியாது.

வார்ஃபிலிருந்து ஆட்டோவில் திரும்பி வந்தோமே, அது உன் படத்தில் இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டாயா, தெரியவில்லை. நானும் அதை யாருக்கும் சொன்னதில்லை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அபர்டீன் பஜார் வழியாக வந்தோம், கடைகள் மத்தியான நேரத்துக்கு மூடியிருந்தன. பெட்டி உன் மடியில் இருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது நடிப்பா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை நீ, அழ வேண்டியவன் நீ. என் முழங்காலில் கை வைத்து, “விடுங்கப்பா. நீங்க என்ன, வேணும்னா செஞ்சிய?” என்று கேட்டாய். கேட்டுவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாய், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை.

ஆமா மக்கா. வேணும்னுதான் செஞ்சேன்.

உன் அப்பா